பட்டியலா, வயதா? நலன்புரிப் பணம் பற்றி எங்கள் தோட்டத்தில் எழுதிய ஒரு கடிதம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கம், நலன்புரிப் பணத்தை எப்படிக் கொடுத்தால் நல்லது என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத முடிவு செய்தது. (தோட்டம் என்றதும் தேயிலையை நினைக்க வேண்டாம். கொழும்பில் அது ஒரே முடுக்குக்குள் நாற்பது வீடு.) எழுதத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டத்தில் மூன்று கட்சி. பழைய அரச உதவித் திட்டமான சமுர்த்தியில் நடந்தபடி, அதன் உத்தியோகத்தரே ஆள் பார்த்துக் கொடுக்கட்டும் என்றார்கள் சிலர். வீட்டு நிலைக்குப் புள்ளி போட்டுப் பணம் கொடுக்கிற புதிய திட்டமான அஸ்வெசும இருக்கட்டும், புள்ளிக் கணக்கைத் திருத்தினால் போதும் என்றார்கள் பலர். பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் கேள்வி கேட்காமல் கொடுங்கள் என்றது மூன்றாவது கட்சி. நான் எழுதியது மூன்றாவதைத்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இது.

சமுர்த்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1995இல் வந்தது. நெருக்கடிக்கு முந்திய வருடங்களில் மாதம் 420 ரூபாய் முதல் 3,500 ரூபாய் வரை கிடைத்தது. உத்தியோகத்தருக்கு முடுக்கின் ஒவ்வொரு கதவும் தெரியும். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதும் தெரியும், யார் எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறார் என்பதும் தெரியும். ஒருமுறை உள்ளே போன பெயர் லேசில் வெளியே வராது. ஆனால் சமுர்த்தி வங்கியின் சின்னக் கடனை மறக்க மாட்டேன். தோசை மா அரைத்து விற்கிற எங்கள் சின்னம்மா முதல் கிரைண்டர் வாங்கியது அந்தக் கடனில்தான்.

அஸ்வெசும வேறு ரகம். அதற்கு அடிப்படையான நலன்புரி நன்மைகள் சட்டம் 2002இலேயே வந்துவிட்டது. இருபது வருடம் அலமாரியில் தூங்கியது. நாடு வங்குரோத்தாகி, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்குச் சம்மதித்த பிறகு, அதே வருடம் ஜூலையில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்று ஆறு பிரிவில் 22 அளவுகோல். அதில் வரும் புள்ளியைப் பொறுத்து நான்கு படி: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். மேல் இரண்டு படிகளையும் 2025 ஜனவரியிலிருந்து 10,000, 17,500 என்று உயர்த்தினார்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும், யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேல் படிகளில் கிடைப்பது சமுர்த்தியில் கனவிலும் வராத தொகை.

சரி, பிறகு என்ன குறை? அளவுகோல்களில் மின்சாரப் பாவனையும் ஒன்று. எங்கள் முடுக்கில் மூன்று வீட்டுக்கு ஒரு மீட்டர். பில் வருவது சின்னம்மா பெயரில். கணக்கெடுக்க டெப்லட்டோடு வந்த பிள்ளை பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு யுனிட்டா?” என்று கிரைண்டரையும் ஒரு பார்வை பார்த்தது. கூரையில் பின்பக்கம் இரண்டு வீட்டுக்குப் போகிற வயரைச் சின்னம்மா கையால் காட்டினார். டெப்லட்டில் வயருக்குக் கட்டம் இல்லை. முதல் பட்டியலில் சின்னம்மா பெயரும் இல்லை. நான் மேன்முறையீடு எழுதினேன், அப்புறம் கிடைத்தது.

ஆனால் இது திருத்தக்கூடிய பிழை. மீட்டருக்கு ஒரு கட்டம் சேர்த்தால் தீர்ந்தது. இதற்காக மட்டும் நான் மூன்றாவது கட்சிக்குப் போகவில்லை.

என்னைப் போக வைத்தது பட்டியலின் பராமரிப்பு. பட்டியல் போடுவது ஒரு நாள் வேலை மாதிரி எல்லோரும் பேசுகிறோம். அது மீன் மாதிரி, வாங்கின நாளிலிருந்தே கெடத் தொடங்குகிறது. முதல் சுற்றுக்கு விண்ணப்பம் கேட்ட காலம் 2022இன் கடைசி மாதங்கள். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அன்று யார் ஏழை என்று எழுதினாலும் அடுத்த வருடம் அது பழங்கதை. மூன்றாம் வீட்டுத் தம்பியிடம் கணக்கெடுப்பின்போது லீசிங்கில் எடுத்த ஓட்டோ இருந்தது. ஓட்டோ சொத்து, ஆகவே புள்ளி போய்விட்டது. சில மாதத்தில் தவணை கட்ட முடியாமல் ஓட்டோவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அவர் துறைமுகத்துப் பக்கம் நாள் கூலிக்குச் சுமை தூக்குகிறார். பட்டியலில் மட்டும் இன்னும் ஓட்டோ ஓட்டுகிறார். இன்னொரு வீட்டில் மூத்தவன் கட்டார் போய் மாதாமாதம் காசு அனுப்புகிறான். அந்த வீட்டுக்குப் பணம் தவறாமல் வருகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. “எங்களுக்கு இப்போது பரவாயில்லை, பெயரை வெட்டுங்கள்” என்று எந்த வீடு போய்ச் சொல்லும்? நாளைக்கே அவன் வேலை போய்த் திரும்பி வந்தால் மறுபடி பட்டியலில் ஏற எத்தனை வருடம் காத்திருப்பது?

நாற்பது வீட்டில் நிரந்தரச் சம்பளம் வாங்குகிற வீடு கைவிரலில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் வருமானம் கடலலை மாதிரி. அதைச் சரியாகப் பிடிக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வர வேண்டும். வந்தால் அதற்கு ஆள், சம்பளம், அப்புறம் ஒவ்வொரு முறையும் மேன்முறையீடு, ஆட்சேபனை. பக்கத்து வீட்டுக்காரரே பக்கத்து வீட்டைப் பற்றி ஆட்சேபனை எழுதலாம் என்பது தாளில் நல்ல யோசனைதான். ஒரே தண்ணீர்க் குழாயில் நிற்கிறவர்களுக்கு அது என்ன செய்யும் என்று குழாயடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் முடுக்கில் இரண்டு வீடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

வயதுக்கு இந்தப் பராமரிப்பு தேவையில்லை. பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு வயது கூடுகிறதா என்று பார்க்க டெப்லட்டோடு யாரும் வர வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் போதும். இது நமக்குப் புதிதும் இல்லை. 1980 முதல் இலவசப் பாடப்புத்தகம், 1993 முதல் இலவசச் சீருடைத் துணி. எந்த அதிபரும் கரண்ட் பில் கேட்டுவிட்டுக் கணக்குப் புத்தகம் கொடுத்ததில்லை. நேபாளத்தில் 1995 முதல் முதியவர்களுக்கு வயதைப் பார்த்தே பணம் கொடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் கொடுப்பதில் இன்னொரு பலமும் உண்டு. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு எல்லோருக்குமானது. 1953இல் அதன் விலையை உயர்த்தியபோது ஹர்த்தால் வெடித்தது, அந்த வருடமே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1978இல் மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1979இல் அது உணவு முத்திரையாக மாறியது. முத்திரையின் பெறுமதியை விலைவாசி அரித்துக்கொண்டே போனது. வசதியானவர்கள் வரிசையில் இல்லாததால் சத்தம் போட ஆளில்லை.

இந்த வழியின் ஓட்டைகளையும் கடிதத்தில் எழுதினேன். ஒரே காசை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்தால் தலைக்கு வருவது சிறிது. கொழும்பின் பணக்காரப் பகுதியான கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்கும் போகும். 17,500 வாங்குகிற, ஒன்றுமே இல்லாத குடும்பத்துக்கு அது ஈடாகாது, ஆகவே அந்த மேல் படியை அப்படியே வைத்திருங்கள் என்று கேட்டேன். பட்டியல் சின்னதானால் அடிக்கடி திருத்தவும் முடியும். மலையகத்துத் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளிலோ வடக்கில் வன்னியிலோ இது எப்படி வேலை செய்யும் என்று நான் நின்று பார்த்ததில்லை. நான் சொல்வது முடுக்கு நியாயம்.

கையெழுத்துக்குக் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோனேன். சின்னம்மா உளுந்து கழுவிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார், முழுவதையும் கேட்டார். அவருக்கு 61 வயது, பிள்ளைகள் எல்லாம் கட்டிக்கொடுத்தாயிற்று. இப்போது மாதம் வருவது 10,000.

“அப்ப நான் பிள்ளையும் இல்ல, கிழவியும் இல்ல. என்ட காசு என்ன ஆகும் மகள்?”

கடிதத்தில் அதற்கு வரி இல்லை. நான் அங்கேயே கிரைண்டர் மேல் தாளை வைத்து, 55 வயதுக்கு மேல் தனியாக உழைத்து வாழ்கிற பெண்களையும் மேல் படியோடு சேர்க்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். சின்னம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.