டின்னில் வந்த பரங்கிக்காய்

புதுச்சேரிக் கடை ஒன்றின் வெளிநாட்டுச் சரக்கு அடுக்கில் கண்ட, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் டின்னைச் சென்ற வாரம் வாங்கினேன். கவிழ்த்ததும், டின்னின் வளையத் தடங்கள் அப்படியே பதிந்த உருளையாக, அடர்ந்த காவி நிறத்தில் தட்டில் விழுந்தது. கரண்டியால் அழுத்தினால்தான் குழைகிறது. சத்து விவரமும் இந்தக் கெட்டித்தன்மையை ஒட்டியதே: உப்பு சேர்க்காத விழுது 100 கிராமில் ஏறத்தாழ 34 கலோரியும் 3 கிராம் நார்ச்சத்தும் இருக்க, நாம் நீரில் வேகவைத்து வடிக்கும் காயில் அவை 20 கலோரியும் 1 கிராமுமாகவே உள்ளன. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் இதில் இரண்டு மடங்குக்கும் மேல் உண்டு. அது கொழுப்பில் கரைவதால், தேங்காய் அரைத்துச் சேர்ப்பது பயன் தரும். வைட்டமின் சி இரண்டிலுமே சொற்பம்தான்.

புளிக்கூட்டுக்கு இது உதவவில்லை. துண்டுகள் இல்லாமல் களியாகிவிட்டது. அடை மாவில் கலந்தபோதோ, வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சர்க்கரையும் மசாலாவும் கலந்த இனிப்புப் பூரணமும் இதே போன்ற டின்னில் வருவதால், சேர்மானப் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். கடைக்காரர் விலைச் சீட்டைக் காலாவதித் தேதியின் மேலேயே ஒட்டியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விலைக்குப் பெரிய மார்க்கெட்டில் முழுக் காயே கிடைக்கும்.