நடையா, ஓட்டமா, நீச்சலா, எடைப் பயிற்சியா: பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எதில் தொடங்குவது?

உடற்பயிற்சிகளை ஒப்பிடும் அட்டவணைகள் பெரும்பாலும் கலோரிக் கணக்கை வைத்தே எழுதப்படுகின்றன. 80 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 140 கலோரி செலவாகும். அதே நேரம் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 330 வரை போகும். நடுத்தர வேகத்தில் நீந்தினால் 230, சைக்கிளைச் சற்று விரைவாக மிதித்தால் 270. இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகள் உடலை அசைக்காமல் இருந்துவிட்டு, எடை குறைய வேண்டும், பழைய தெம்பு திரும்ப வேண்டும் என்று இன்று எழுந்து நிற்பவருக்கு இந்த அட்டவணை தவறான வழியைக் காட்டிவிடுகிறது. மூன்று மாதம் கழித்தும் எந்தப் பயிற்சியைத் தம் உடல் தாங்கிக்கொண்டிருக்கும் என்பதே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினொரு ஆண்டு நாற்காலி வேலைக்குப் பிறகு, கலோரிக் கணக்கை நம்பி நேராக ஓட்டத்தில் இறங்கினேன். முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓடுவதற்குள் மூச்சு இரைத்தது. மூன்றாம் வாரத்தில் பத்து நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தது. அந்த மகிழ்ச்சியில் பதினைந்து, இருபது என்று கூட்டிக்கொண்டே போனேன். ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது குதிகாலில் ஆணி இறங்கினாற்போல் வலித்தது. பத்து அடி நடந்ததும் தணிந்த அந்த வலி, மறுநாள் காலை அதே முதல் அடியில் மீண்டும் வந்தது. குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை பாதத்தைத் தாங்கும் திசுப்பட்டை புண்பட்டிருந்தது. அது ஆற நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதமும் நான் மீண்டும் நாற்காலியில்தான் இருந்தேன்.

ஓய்ந்து கிடந்த உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை என்பதே இதற்குக் காரணம். பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு உயர்கிறது. அதனால் மூச்சு வாங்குவது குறைகிறது. நரம்பும் தசையும் சில வாரங்களில் இணங்கி வேலை செய்யத் தொடங்குகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. எலும்போ பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டித்தான் வலுப்பெறும். இவ்விரண்டுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். ஆகவே முதல் சில வாரங்கள் கடந்த பிறகு, இன்னும் போகலாம் என்று மூச்சு இடம் கொடுக்கும் வேளையில், கால் அதற்குத் தயாராக இருப்பதில்லை. பலர் காயப்பட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று கைவிடுவது இந்த இடைவெளியில்தான். கீழ்வரும் ஒப்பீடு முழுவதிலும் மூச்சைவிடத் தசைநாணுக்கே நான் அதிக மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

இழந்தது திரும்புமா என்ற ஐயம் உள்ளவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து ஆராய்ந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்துச் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம் என்று தெரிந்தது. பிறகு ஆறு மாத காலம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று சிறுகச் சிறுகக் கூட்டிப் பயிற்சி அளித்ததில், இருபது வயதில் படுக்கைக்கு முன்பு இருந்த திறனை ஐம்பது வயதில் அவர்கள் மீண்டும் எட்டினார்கள். ஐந்தே பேரைக் கொண்ட ஆய்வு என்பதால் அதை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. எனினும் முப்பது ஆண்டுகளில் போனது ஆறு மாதத்தில் திரும்பியது என்பதும், அந்த ஆறு மாதமும் அவசரமின்றிக் கூட்டப்பட்டது என்பதும் சேர்த்துக் கவனிக்கத்தக்கவை.

முதலில் நடையையும் ஓட்டத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். எனவே காலில் இறங்கும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகமாக இருக்கும். ஓட்டத்தில் இரு பாதங்களும் தரையை விட்டு எழும்பி இறங்குவதால், ஒவ்வோர் இறக்கத்திலும் உடல் எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் விழுகிறது. 80 கிலோ எடையுள்ளவர் நிமிடத்துக்கு 160 அடி வைத்து அரை மணி நேரம் ஓடினால், 160 கிலோவுக்குக் குறையாத சுமை 4,800 முறை இறங்குகிறது. இளமை முதல் ஓடி வருபவரின் எலும்பும் தசைநாணும் இந்தச் சுமையால் வலுப்பெறுகின்றன. நேற்றுவரை உட்கார்ந்திருந்தவருக்கோ இதே சுமை காயமாக முடிகிறது. எடை கூடியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எடையைக் குறைக்கவே ஓட்டம் என்று தொடங்குபவர்கள் அவர்கள்தாம் என்பது வருந்தத்தக்கது.

நடைக்கும் ஒரு குறை உண்டு. சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். அதன் பிறகு உலாவுவதுபோல் நடப்பதால் பெரிய முன்னேற்றம் வராது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பதே மிதமான தீவிரத்துக்கான எளிய சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்பதும் இந்தத் தீவிரத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்களைத்தான். பலரும் கட்டளையாகக் கொண்டிருக்கும் 10,000 அடி என்ற எண், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. அதை எட்டாத நாளை வீணான நாளாகக் கருத வேண்டியதில்லை. பழகிப்போன நடைக்கு உயிரூட்ட, ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுவயதினரையும் முதியோரையும் வைத்துச் சோதித்த ஒரு முறை நன்கு உதவுகிறது: மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து சுற்றுகள், வாரத்தில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ. ஓட்டம் தரும் மூச்சுப் பயனில் கணிசமான பங்கை, ஓட்டத்தின் அதிர்ச்சி இல்லாமலே இது தருகிறது. தொடக்கநிலையில் ஓட்டத்தைவிட நடையையே நான் முன்வைக்கிறேன். இதில் எனக்கு ஐயமே இல்லை.

நீரில் இறங்கினால் சுமை குறைகிறது. இடுப்பளவு நீரில் உடல் எடையில் பாதியளவும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்களவும்தான் காலில் இறங்கும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் எடை மிகுந்தவர்களுக்கும் இதைவிடக் கனிவான தொடக்கம் கிடையாது. ஆனால் நீச்சல் ஒரு கலை. சரியாக நீந்தத் தெரியாதவர் இரண்டு முறை குறுக்கே போய் வருவதற்குள் களைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் மார்பளவு நீரில் கைகளை வீசி நடப்பதே நல்ல பயிற்சி. எலும்புக்குப் போதிய சுமை கிடைக்காது என்பதால் நீரை மட்டுமே நம்பி இருக்கவும் கூடாது.

சைக்கிளிலும் அதிர்ச்சி இல்லை. தொடையின் பெருந்தசைகள் நன்கு உழைக்கின்றன. மிதி கீழ்க்கோடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை அமைத்துக்கொண்டால், முழங்கால் வலியில் பாதியைத் தவிர்க்கலாம் என்பது என் அனுபவம். ஆயினும் பகலெல்லாம் முதுகை வளைத்து உட்கார்ந்திருப்பவர், மாலையிலும் அதே வளைவில் உட்கார்ந்தபடிதான் பயிற்சி செய்கிறார். வாரத்தில் இரண்டு நாள் சைக்கிள், மற்ற நாட்கள் நடை என்று கலந்துகொள்வது நல்லது.

கலோரி அட்டவணையில் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும் எடைப் பயிற்சிதான், நீண்ட நாள் அசையாதிருந்தவருக்கு மிகவும் தேவைப்படுவது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அசையாதிருந்தால் இந்த இழப்பு வேகமெடுக்கும். இழந்த தசையை நடையோ நீச்சலோ போதிய அளவு மீட்டுத் தராது. தசைநாணும் எலும்பும் வலுப்பெற வேண்டுமென்றால் அளவறிந்த சுமையை மெதுவாக ஏற்ற வேண்டும். ஓட்டத்தில் நம் கட்டுப்பாட்டை மீறி விழும் சுமையை, இங்கே கிலோ கிலோவாக நாமே தீர்மானிக்கலாம்.

தொடங்க ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, பாதங்களைத் தரையில் அழுத்தி எழுந்து நின்று, மூன்று வரை எண்ணியபடி, பொத்தென்று விழாமல் மெல்ல இறங்கி உட்கார வேண்டும். பல ஆண்டு உட்கார்ந்தே இருந்தவருக்கு எழுவதைவிட இறங்குவதே கடினம்; கடைசி நான்கு விரற்கடை தூரத்தில் தொடை நடுங்கி, உடல் பொத்தென்று இருக்கையில் விழும். அந்தக் கடைசித் தூரத்தை விழாமல் கடக்கும் நாள் வரும்போது, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிவதும் தெரியவரும். இதனுடன் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், நின்ற இடத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் சேர்ந்தால் முதல் மாதத்துக்குப் போதுமானது. வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் இரண்டு நாள் ஓய்வு. பயிற்சிக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தசை வலிப்பது இயல்பு. ஆனால் கடும் வலி, வீக்கத்துடன் சிறுநீர் கருத்து வெளியேறினால் அது தசை சிதைவதன் அறிகுறி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜிம்முக்குப் போவதா, வீட்டிலேயே செய்வதா என்பது இரண்டாம் கேள்வி. வீட்டுப் பயிற்சி எளிதாகிவிட்ட பிறகு ஜிம் பயன்படும்.

உச்ச வேகமும் சிறு ஓய்வும் மாறி மாறி வரும் அதிதீவிர இடைவெளிப் பயிற்சிகள், துள்ளிக் குதிக்கும் குழு வகுப்புகள் ஆகியவற்றை முதல் மூன்று மாதத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவை கேட்பது ஏற்கெனவே பழகிய உடலை.

இனி உணவா, பயிற்சியா என்ற பழைய வழக்கு. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. மேலே சொன்ன அரை மணி நேர நடையில், சும்மா இருந்தாலும் செலவாகக்கூடிய 40 கலோரியைக் கழித்தால் கூடுதல் செலவு 100 தான். அதை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய 77 நாட்கள் ஆகும். உணவில் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தாலோ அதே கிலோ பதினாறு நாளில் குறையும். உடல் இளைக்க இளைக்க இந்த வேகம் தணியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் தராசு காட்டும் பெரிய இறக்கத்தில் பெரும்பகுதி, தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த மாவுச்சத்தோடு வெளியேறிய நீர்தான். எடை குறைப்பைப் பொறுத்தமட்டில் உணவே வெல்கிறது என்று ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

ஆனால் உணவை மட்டும் குறைத்து இளைப்பவர் இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு; தசையும் அதில் அடங்கும். ஏற்கெனவே தசை மெலிந்த ஒருவருக்கு இது பெரிய நட்டம். புரதத்தைக் குறைக்காமல் எடைப் பயிற்சியும் சேர்த்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம். எடை குறைய இப்போது மருத்துவர்கள் எழுதித் தரும் செமாக்ளுடைட் போன்ற ஊசி மருந்துகளுக்கும் இது பொருந்தும். 2021-ல் வெளியான ஆய்வில் அம்மருந்தை எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத அளவுக்கு எடை குறைந்தார்கள். மருந்தை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மறுபக்கம், 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு கேட்டது 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரத்துக்கு 150 நிமிட உடல் உழைப்பையும்தான். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களில் அந்நோய் வருவதை அது 58 சதவீதம் குறைத்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு.

ஆகவே என் தேர்வு இது: முதல் நாளிலிருந்தே நடையும் நாற்காலிப் பயிற்சியும், கூடவே மிதமான உணவுக் குறைப்பு, முழங்கால் மறுத்தால் நடைக்குப் பதில் நீரோ சைக்கிளோ. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், இதய நோய், இன்சுலின் எடுக்கும் நீரிழிவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். ஓட்டத்தின் மீது ஆசை உள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. பன்னிரண்டு வாரம் ஒத்திப்போட்டால் போதும். அதன் பிறகு ஒற்றைக் காலில் நின்று, சுவரை விரலால் தொட்டபடி, குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்கிப் பாருங்கள். இரு கால்களிலும் அது வலியின்றி முடிந்து, மறுநாள் காலைப் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் அடியிலும் குதிகால் வலிக்கவில்லை என்றால், ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடத்துக்குத் தொடங்கலாம்.