கோஹிமா போர்க் கல்லறைத் தோட்டம்: மேட்டின் உச்சிவரை ஏறிப் பாருங்கள்

கும்பகோணத்தில் பித்தளைப் பெயர்ப்பலகையும் கல்வெட்டும் செய்து கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். எந்த ஊருக்குப் போனாலும் பெயர் பொறித்த தகடு ஒன்று கண்ணில் பட்டால் கால் நின்றுவிடும். நாகாலாந்துச் சுற்றுலாவில் கோஹிமா கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்கியிருந்தது வெறும் அரை மணி நேரம். ஏற்பாடு செய்தவர்களிடம் வாதாடி அதை நீட்டிக்கொண்டேன். நீங்களும் வாதாடுங்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரல் 4 அன்று ஜப்பானின் 31ஆம் டிவிஷன் என்ற பெரும்படை இந்த மேட்டைத் தாக்கத் தொடங்கியது. திமாப்பூர் ரயில் நிலையத்துக்கும் அங்கிருந்த பெரும் கிடங்குகளுக்கும் போகிற வழியில் நின்றது கோஹிமா. தடுத்து நின்ற பிரிட்டிஷ், இந்தியத் தரப்பினர் சுமார் 2,500 பேர். அவர்களில் பலர் போர் செய்யாத பணியாளர்கள். ஏப்ரல் 20 வரை முற்றுகை. குடிதண்ணீரைக்கூட விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்க வேண்டியிருந்தது. துணை ஆணையரின் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் ஆடுகளத்தின் இரு பக்கமும் இரண்டு படைகளும் பதுங்கிக் கிடந்து கையெறி குண்டுகளை வீசிக்கொண்டன. முற்றுகை உடைந்த பிறகும் அந்தச் சண்டை மே மாதம்வரை ஓயவில்லை. ஆடுகளத்தின் எல்லைக் கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் இன்றும் காட்டியிருக்கிறார்கள். அதன் அகலத்தைக் கண்ணால் அளந்தால்தான் அங்கே நடந்தது என்னவென்று உறைக்கும்.

இனி, தகடுகள். இங்கே 1,420 கல்லறைகள் உள்ளன. சாய்வான சிறு பீடம் ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலத் தகடு. வெட்டெழுத்தில் கறுப்பு வண்ணம் அடைத்தால் சில வருட மழையிலேயே வண்ணம் உதிரும். இவை வார்ப்பிலேயே எழுந்த புடைப்பெழுத்துகள். விரலால் தடவியே படிக்கலாம். கோஹிமாவின் மழையில் களிம்பேறி எழுத்து மறையாமல் வைத்திருப்பது சாதாரண உழைப்பு இல்லை. பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பல தகடுகளின் அடியில் குடும்பத்தார் எழுதி அனுப்பிய ஓரிரு வரிகள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற ஜான் ஹார்மனும் இங்கேதான் இருக்கிறார். ஏப்ரல் 9 அன்று தனியாளாக எதிரியின் பதுங்குகுழியின்மேல் பாய்ந்து இறந்தபோது அவருக்கு வயது 29. அந்தப் பதக்கத்துக்காக அவருக்குப் பெரிய மேடை கட்டவில்லை. மற்றவர்களின் வரிசையில்தான் அவரும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆடுகளத்தின் பக்கத்தில் ஒரு செர்ரி மரம் நிற்கிறது. ஜப்பானியத் துப்பாக்கி வீரர்கள் ஏறி ஒளிந்திருந்த பழைய மரம் சண்டையில் சிதறிப்போனது. அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது இது. அங்குள்ள சிறு பித்தளைத் தகட்டில் இவ்வளவும் எழுதியிருக்கிறது. அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. எங்கள் கடைக்கு வாசகம் கொண்டுவருகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

வருகிறவர்கள் பெரும்பாலும், 'உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைத் தந்தோம்' என்ற பொருள்படும் வாசகம் உள்ள நெடுங்கல் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பிரிட்டனின் 2ஆம் டிவிஷன் நிறுவிய கல் அது. நல்ல வாசகம்தான். ஆனால் அதோடு திரும்பாதீர்கள். உச்சியில் இருக்கிறது தகன நினைவிடம். தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. தனித்தனிக் கல் இல்லை, வயது இல்லை, குடும்பத்தாரின் வரி இல்லை, பெயர் மட்டும்தான். நம் நாட்டு வீரர்களின் பெயர்களைப் படிக்க நம்மவர்களே ஏறி வராதது எனக்குப் பொறுக்கவில்லை. நான் நின்றவரை அங்கே வேறு யாரும் வரவில்லை. குறைந்தது ஒரு வரிசைப் பெயர்களையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகலாம். தோட்டம் முழுவதும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது. மழைக்காலத்தில் பிடிப்புள்ள செருப்பு அவசியம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாகாலாந்துக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். திமாப்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஷேர் டாக்ஸிகள் ஓடுகின்றன. டிசம்பர் முதல் பத்து நாட்களில் நாகர்களின் பண்பாட்டு விழாவான ஹார்ன்பில் திருவிழாக் கூட்டம் நெரியும் என்பதால், நிதானமாகப் படிக்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டித் தேட முடியும். இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் அந்தப் பதிவில் உண்டு. போவதற்கு முன்பே நாலைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு போனால், மேலே அந்தப் பெயர்களைத் தேடிப் படிக்கலாம்.