மைவிக்கு 16 இன்ச் ஸ்போர்ட் ரிம்மா, 14 இன்ச் இரும்பு ரிம்மா? தோட்டச் சாலையில் இரண்டையும் ஓட்டியவன் சொல்கிறேன்

பேராக் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் போகும் வழியில் ஒரு தோட்டத்துக்குள் எங்கள் வீடு. பெரிய சாலையிலிருந்து வாசல் வரை 6 கிலோமீட்டர். முதல் இரண்டு தார், அதுவும் ஓரம் பிய்ந்த தார். மிச்சம் நாலும் செம்மண்ணும் சரளைக் கல்லும்தான். பகல் முழுக்க செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி சாலை நடுவில் முதுகு மாதிரி மேடாகிவிட்டது, இரண்டு பக்கமும் பள்ளம், மழை பெய்தால் பள்ளம் எது குழி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறத் தண்ணீர். இந்தச் சாலையில் தினமும் நாலு தடவை போய் வருகிறேன். அதனால் இங்கே எழுதுவது கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இல்லை, என்னைப் போல் தோட்டத்துக்குள்ளும் கம்பத்துக்குள்ளும் கார் வைத்திருப்பவர்களுக்கு.

கார் பெரோடுவாவின் இரண்டாம் தலைமுறை மைவி, 1.3 லிட்டர். ஈப்போவில் பழைய காராக வாங்கினேன். கம்பெனி போட்டு அனுப்பிய அளவு 175/65 ஆர் 14. ஆனால் முன்னால் வைத்திருந்தவர் 16 இன்ச் ஸ்போர்ட் ரிம் மாற்றி 195/45 ஆர் 16 டயர் போட்டிருந்தார். பார்க்க உண்மையிலேயே அழகு. மகளுக்கும் மகனுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. விற்றவரிடம் கேட்டேன், "உயரம் எல்லாம் ஒரிஜினல் மாதிரியே இருக்கும், ஒரு பிரச்சினையும் வராது" என்றார்.

உயரத்தைப் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 175/65 ஆர் 14 என்றால் டயரின் அகலம் 175 மில்லிமீட்டர், அதில் 65 விழுக்காடு டயரின் பக்கச்சுவர், அதாவது ரிம் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் இருக்கிற ரப்பர். கிட்டத்தட்ட 114 மில்லிமீட்டர் வரும். மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் 14 இன்ச் ரிம், எல்லாம் சேர்ந்தால் 583 மில்லிமீட்டர். 195/45 ஆர் 16 எடுத்தால் மொத்தம் 582. ஒரே உயரம்தான். ஆனால் பக்கச்சுவர் 88 மில்லிமீட்டர்தான். 26 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் போய் அந்த இடத்தில் அலுமினியம் வந்துவிட்டது. தார்ச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது. குழியில் விழும்போதுதான் தெரியும், ஏனென்றால் குழியின் அடியைத் தாங்குவதே அந்தப் பக்கச்சுவர்தான்.

வாங்கிய இரண்டாவது மாதமே முன் இடது டயரின் விலாவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். இது ஏன் வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை, டயர் மட்டரகம் என்று நினைத்துவிடுகிறார்கள். குழியின் விளிம்பில் டயர் மோதும்போது பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்குகிறது, உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துபோகின்றன, அப்புறம் அந்த இடத்தில் காற்றைப் பிடித்து வைக்க வெறும் ரப்பர் மட்டும்தான் மிச்சம், அதுதான் புடைத்து நிற்கிறது. இதை ஒட்டவோ தைக்கவோ முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். யாராவது "பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள். பின் சக்கரம் வெடித்தாலும் கார் சுழலும்.

புது டயர் 240 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மாற்றினேன். ஐந்தாவது மாதம் வலது பக்கம். அதே கதை, இன்னொரு 240. ஏழாவது மாதம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மகளின் எஸ்பிஎம் தேர்வு நாள் காலை, இரவெல்லாம் மழை, பாலத்துக்கு முன்னால் தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ரிம் விளிம்பு வளைந்து காற்று முழுக்கப் போய்விட்டது. பின்னால் மோட்டாரில் வந்த பக்கத்து வீட்டுத் தம்பிதான் மகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவாடை முழுக்கச் சேறு. நான் ஸ்பேர் டயரை மாற்றி முடித்துவிட்டு அந்தச் சாலை ஓரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரிம்மை நிமிர்த்த 120 வெள்ளி. ஏழு மாதத்தில் மொத்தம் 600 வெள்ளி, ஓர் அழகுக்காக.

அதற்குப் பிறகு டவுனில் எனக்குத் தெரிந்த டயர் கடைக்குப் போனேன். கடை முதலாளி, எங்கள் பக்கம் தவுக்கே என்போம், தமிழ் நன்றாகப் பேசுவார், அப்பா காலத்திலிருந்து பழக்கம். அவர் டயரைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது, "எந்த ரோட்டுல ஓட்டுறீங்க அண்ணே?" நான் சொன்னதும், "அப்ப 16 கழட்டிருங்க, 14 போடுங்க, ஒரிஜினல் சைஸ்" என்றார். விலை கூடினதை விற்கப் பார்க்காமல் குறைந்ததைச் சொன்ன கடைக்காரர், அதற்காகவே அவருக்கு என் முழு மதிப்பெண்.

நான் இன்னும் ஒரு படி மேலே போகலாமா என்று கேட்டேன். 185/65 ஆர் 14 போட்டால் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர், கார் 6.5 மில்லிமீட்டர் உயரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 6.5 மில்லிமீட்டருக்காக மொத்த விட்டம் 2.2 விழுக்காடு கூடும், மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 2 கிலோமீட்டர் கூடுதலாக ஓடும், ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி ஆள் நிறைய ஏற்றும்போது உள்ளே உரசுமா என்று பார்க்க வேண்டும், ஸ்பேர் டயரும் வேறு அளவாகிவிடும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 175/65 ஆர் 14க்கு இன்னொரு நல்லது, அக்சியா, பெஸ்ஸா கார்களில் பலவற்றுக்கும் அதே அளவுதான், அதனால் சின்ன டவுன் கடையில்கூட எப்போதும் இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் டயர் வெடித்தாலும் கிடைக்கும். 195/45 ஆர் 16 கேட்டால் ஈப்போவிலிருந்து வரவழைக்க வேண்டும், இரண்டு நாள்.

ரிம்முக்கு அலாய், அதாவது அலுமினியக் கலவை, வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். பழைய சாமான் கடையில் மைவியின் ஒரிஜினல் இரும்பு ரிம் நாலு, ஒன்று 50 வெள்ளி. இரும்பு அடி வாங்கினால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் அடி வாங்கினால் சில நேரம் விரிசல் விடும், விரிசல் விட்ட ரிம்மை ஒட்டிப் போட்டு என் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனம் வராது. பழைய ரிம் வாங்குகிறவர்கள் முதலில் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஆடினால் வேண்டாம். உள் விளிம்பில் துருவைத் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். மைவிக்கு நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம், அது பொருந்த வேண்டும். ஸ்போர்ட் ரிம்முக்குப் போட்டிருந்த நட்டு இரும்பு ரிம்முக்குச் சரியாக உட்காரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு உட்காரவில்லை, கடையில் ஒரிஜினல் நட்டு தேடி எடுத்துப் போட்டார்கள். நட்டை கன் வைத்து டர்ரென்று முடுக்கிவிட்டு அனுப்பாமல், கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வந்து மறுபடியும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் போனேன், காசு வாங்கவில்லை.

குறை என்று சொன்னால் சனிக்கிழமை காத்திருக்க வேண்டியிருந்தது இரண்டு மணி நேரம், உட்கார நாலு நாற்காலிதான். அலைன்மென்ட் மெஷின் அங்கே இல்லை, வேறு கடையில் 30 வெள்ளி கொடுத்துச் செய்தேன். இன்னொன்று, முதலில் எடுத்து வந்த டயர்களில் தேதியைப் பார்த்தேன், மூன்று வயது. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 1424 என்றால் 2024ஆம் ஆண்டு 14ஆவது வாரம். புதுசு வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் நான் பார்க்காமல் இருந்திருந்தால் பழசுதான் ஏறியிருக்கும். ஆகவே நீங்களும் குனிந்து பாருங்கள். டயர் ஒன்று 165 வெள்ளி, பேலன்ஸ், வால்வு எல்லாம் சேர்த்து. நாலு டயர் 660, ரிம் 200, அலைன்மென்ட் 30, ஆக 890.

பிராண்டு பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த வேறுபாடு அளவால் வந்தது, பிராண்டால் இல்லை. நம் பேராக்கிலேயே, தைப்பிங் பக்கம் கமுந்திங்கில், டயர் தொழிற்சாலை இருக்கிறது. கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்று நட்டதிலிருந்து தொடங்கிய கதை இது, இங்கிருந்து அரை மணி நேர ஓட்டம். என் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். இப்போது எங்கள் தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. புது டயரின் வாசம் மூக்கில் ஏறும்போது எனக்குப் பாட்டியின் நினைவு வரும், அவரிடம் எப்போதும் பால் வாசம் அடிக்கும்.

சரி, 11 மாதம் ஓட்டியாகிவிட்டது. 14,000 கிலோமீட்டர். வீக்கம் ஒன்றுகூட இல்லை. ரிம் வளையவில்லை. பாலத்துக்கு முன்னால் இருக்கும் அதே பள்ளத்தில் இரண்டு தடவை நன்றாக விழுந்தேன், இரண்டு தடவையும் டயர் அமுங்கி எழுந்துவிட்டது. முன்பு சரளையில் 20க்கு மேல் போனால் டேஷ்போர்டு கடகடவென்று ஆடும், அப்சோர்பர் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். அப்சோர்பரை மாற்றவில்லை, டயரை மட்டும்தான் மாற்றினேன், ஆட்டம் பாதி குறைந்துவிட்டது. அம்மாவை மாதம் ஒரு தடவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன், முட்டி வலிக்காரர், முன்பு தலைக்கு மேல் இருக்கும் கைப்பிடியை வீட்டிலிருந்து டவுன் வரை விடமாட்டார். இப்போது பாதி வழியில் தூங்கிவிடுகிறார்.

அகலம் குறைந்ததும் நல்லதாகப் போயிற்று. நான் எதிர்பார்க்காதது இது. அகல டயர்தான் சேற்றில் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் சாலையில் மேலே ஓர் அங்குலம் வழுக்குச் சேறு, கீழே கெட்டி மண். 195 மேலேயே மிதந்து வழுக்கும், 175 சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இருக்கும் கெட்டியைப் பிடிக்கிறது. அடியில் கெட்டி மண்ணே இல்லாத முழங்கால் சேறு என்றால் கணக்கு வேறு, அங்கே மைவியைக் கொண்டு போகக் கூடாது.

முள் பிரச்சினை தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள் எந்த டயரையும் குத்தும். இந்த 11 மாதத்தில் மூன்று பஞ்சர். வெட்டிய மட்டை சாலையில் கிடந்தால் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறேன், வேறு வழியில்லை.

காற்று விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு தப்பான பழக்கம் இருக்கிறது, செம்மண் சாலை என்றால் காற்றைக் குறைத்து ஓட்டுவது. மெத்தென்று இருக்கும், உண்மைதான். ஆனால் காற்று குறைந்தால் குழியில் டயர் முழுக்க நசுங்கி ரிம் நேராகக் கல்லில் மோதும், அப்புறம் 14 இன்ச் போட்டதற்கே அர்த்தமில்லை. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வையுங்கள், காலையில் டயர் சூடாவதற்கு முன்னால் பாருங்கள்.

14 இன்ச்சில் இழந்தது என்ன? ஈப்போ நெடுஞ்சாலையில் 110ல் போய் வளைவில் திரும்பும்போது ஸ்டீரிங் கொஞ்சம் மெத்தனமாகத் தெரிகிறது, 16ல் கை அசைத்ததும் கார் திரும்பும். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அழகு போனது போனதுதான், மகன் இன்னும் வருத்தப்படுகிறான்.

மைவி 1.5 வைத்திருப்பவர்களுக்கு வருவது 185/55 ஆர் 15, பக்கச்சுவர் 102 மில்லிமீட்டர். அது மோசமில்லை, கவனமாக ஓட்டினால் தாங்கும். 14க்கு இறங்க நினைத்தால் பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்கிறதா என்று ஒரு சக்கரத்தைப் போட்டுச் சுழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். 185/60 ஆர் 15 போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், மொத்த விட்டம் 18 மில்லிமீட்டருக்கு மேல் கூடும், நான் போடமாட்டேன். இன்னும் 17 இன்ச் என்று போய், ரிம் காரின் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், தோட்டச் சாலை ஒரு பக்கம் இருக்கட்டும், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் எழுதும். டயர் வாங்கும்போது அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண்ணையும் பாருங்கள். ஒரிஜினலில் 82, ஒரு டயர் 475 கிலோ தாங்கும். எனக்கு வந்த 16ல் 80 என்று இருந்தது, 450 கிலோ. குடும்பத்தோடு அரிசி மூட்டையும் ஏற்றிப் போகிற நமக்கு அது தேவையில்லாத குறைவு.

போன வாரம் அளந்தேன், முன் டயரில் வரிப்பள்ளம் இன்னும் 5.5 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறது, 1.6க்கு வந்தால்தான் சட்டப்படி மாற்ற வேண்டும். ஸ்பேரும் இப்போது அதே அளவு என்பதால் அடுத்த மாதம் ஐந்தையும் சுற்றி மாற்றப் போகிறேன். பழைய 16 இன்ச் ரிம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவர் யாராவது கேட்டால் மூன்றைக் கொடுப்பேன். வளைந்து நிமிர்த்தியதை மட்டும் கொடுக்கமாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும்.