கட்டிதட்டிய பழப்பொடி: 14 மாதத்துக்குப் பிறகு

“சர்க்கரைக்கு ஏதோ பழப்பொடி குடிக்கிறாயே, நானும் வாங்கலாமா?” என்று போன வாரம் நண்பன் கேட்டான். வாங்கு, வாங்காதே என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அரை மணி நேரம் பேசினேன். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

நெல்லி, நாவல், பாகல் கலந்த பொடி. (பாகற்காய் எப்போது பழமானது என்று சண்டைக்கு வராதீர்கள், தாவரவியலில் அதுவும் பழம்தான்.) காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீரில். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. பொடி வந்ததும் மெட்ஃபார்மினை ஓரங்கட்டியவர்களை எனக்குத் தெரியும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பொடியோடு எனக்குள்ள தீராத பகை அது கட்டிதட்டுவது. டப்பாவைத் திறந்த பத்தாம் நாள் கரண்டி உள்ளே இறங்காது. விளிம்பால் குத்திச் சுரண்டி எடுக்க வேண்டும். பெயர்ந்து விழுந்த கட்டி வெளியே நனைந்து, உள்ளே உலர்ந்தபடி டம்ளரில் மிதக்கும். நசுக்கினால் பசையாகக் கரண்டியில் அப்பிக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போட்டிருந்த சின்னப் பொட்டலமே ஒரு நாள் கட்டிக்குள் புதைந்து வந்தது.

அன்றைக்குத்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. பின்பக்கத்து எழுத்துக்கு மூக்குக்கண்ணாடி போதாமல், கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால், பட்டியலின் தலையில் உட்கார்ந்திருக்கிறது மால்டோடெக்ஸ்ட்ரின். எடை கூடியதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆக, இத்தனை மாதமாக நான் குடித்தது பழம் தூவிய மால்டோடெக்ஸ்ட்ரின்! மாவுச்சத்தை உடைத்துச் செய்வது அது. நாக்கில் அவ்வளவாக இனிக்காது; குடலுக்குப் போனதும் குளுக்கோஸாகி, ஏறக்குறைய நேரடியாகக் குளுக்கோஸ் குடித்த வேகத்தில் ரத்தத்தில் ஏறும். லேபிள் கணக்கில் அது சர்க்கரை இல்லை. பொய் என்று வழக்கும் போட முடியாது.

இரண்டு நாள் கழித்துக் கோபம் ஆறியபின் தயாரிப்பாளர்கள் பக்கத்தையும் யோசித்தேன். பழச்சாற்றைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கும்போது, அதிலுள்ள சர்க்கரையும் அமிலமும் பிசுபிசுவென்று கலனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்கவும், பிறகு கட்டிதட்டாமல் இருக்கவும் மால்டோடெக்ஸ்ட்ரினைச் சேர்க்கிறார்கள். உறையவைத்து உலர்த்தினால் பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் செலவு கூடும். சரி, ஒப்புக்கொள்கிறேன். கட்டிதட்டாமல் இருக்கப் போட்டதென்றால் என் டப்பாவில் ஏன் பாறை?

குளுக்கோமீட்டரை எடுத்தேன். மூன்று நாள் வெறும் தண்ணீர், மூன்று நாள் பொடி. குடிக்கும் முன்பும் 40 நிமிடம் கழித்தும் விரலில் குத்தல். தண்ணீர் நாட்களில் நாலைந்து புள்ளி அசைந்தது. பொடி நாட்களில் 17, 22, 19 என்று ஏறியது. வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் ஒரு நாள் கணக்கை வைத்துப் பழி சொல்லியிருக்க மாட்டேன். மூன்று நாளும் ஒரே பக்கமாகவா பிசகும்?

இதையெல்லாம் மீறி, ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.6லிருந்து 6.9க்கு இறங்கியிருக்கிறது. பெருமையாக மருத்துவரிடம் காட்டினேன். “வேறு என்ன மாற்றினீர்கள்?” என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நடை. அதையும் இதே 14 மாதத்தில்தான் தொடங்கினேன். “அப்படியானால் நடையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் மூன்று மாதம் குடித்துப் பாருங்கள், யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்துவிடும்” என்று சிரித்தார். எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதிலேயே பாதி பதில் இருக்கிறது. பாகலைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 ஆய்வுத் தொகுப்பும் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தது. சட்டென்று சர்க்கரையை இறக்கிக் காட்டும் ‘இயற்கை’ச் சரக்குகளைவிட இது மேல் என்றும் சொல்ல வேண்டும், அப்படிப்பட்ட சிலவற்றில் நீரிழிவு மாத்திரையின் மருந்தையே சொல்லாமல் கலந்திருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதனையில் கண்டுபிடித்திருக்கிறது.

பிறகு ஏன் விடவில்லை? தண்ணீருக்காக. பொடியைக் குடித்து முடித்ததும் வாய் முழுக்கத் துவர்ப்பும் கசப்பும் ஏறியிருக்கும். அதே டம்ளரைக் கழுவி வெறும் தண்ணீர் ஊற்றிக் குடித்தால், முதல் மடக்கு தித்திக்கும். நெல்லியின் வேலை. ஆறு வருடமாக இனிப்பைத் தள்ளிவைத்த வாய்க்கு அந்த ஒரு மடக்கு எப்படியிருக்கும் என்பதைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு பச்சை நெல்லிக்காயைக் கடித்தால் போதுமே என்பீர்கள். போதும். என் பற்கள் அதற்குச் சம்மதிப்பதில்லை.

நண்பனுக்கு “வாங்காதே” என்று எழுதி அனுப்பிவிட்டேன். எனக்குப் புது டப்பா நேற்று வந்தது, வேறொரு நிறுவனத்துடையது. இதில் மால்டோடெக்ஸ்ட்ரின் இரண்டாவது இடத்துக்கு இறங்கியிருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. திறந்தால் பத்து நாள்தான்.