பழைய டிவிடி டிரைவும் புதிய யுஎஸ்பி டிரைவும்: பத்து வருடத்துக்கு மேல் உருட்டிய அனுபவம்

2013-ல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது, கடைக்காரர் பட்டியலில் கடைசி வரியாகச் சேர்த்தது ஒரு டிவிடி ரைட்டர். கேபினெட்டுக்குள் பொருத்தி, சாட்டா எனும் உள் கேபிளால் மதர்போர்டில் இணைக்கும் 5.25 அங்குல வகை, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அட்டையில் 24எக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எழுதும் வேகம், டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல 24 மடங்கு. அதுவும் தட்டின் வெளி ஓரத்தை நெருங்கும்போதுதான் எட்டும். நான் அவசரத்தில் முழு வேகத்தில் ரைட் செய்த சில தட்டுகள் ஹாலில் இருந்த பிளேயரில் திக்கித் திக்கி ஓடின. அப்புறம் 8எக்ஸுக்கு மேல் போவதே இல்லை.

ஐந்தாறு வருடத்தில் டிரே மக்கர் செய்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே மோட்டார் முனகும், வெளியே ஒன்றும் வராது. டிரைவின் முகப்பில் குண்டூசி நுழைகிற மாதிரி ஒரு துளை இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் குத்தினால் டிரே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மீதியைக் கையால் இழுத்துவிடலாம். திறந்து பார்த்தால், டிரேயைத் தள்ளும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அதே அளவில் வேறொன்று மாட்டினேன். டீ குடிக்கும் காசுதான்.

2021-ல் புது கம்ப்யூட்டர். கண்ணாடிக் கதவு, வண்ண விளக்கு எல்லாம் உண்டு. டிரைவ் வைக்க மட்டும் இடமில்லை. சரி என்று யுஎஸ்பியில் மாட்டும் ஸ்லிம் டிரைவ் வாங்கினேன். முதல் வாரமே தகராறு. தட்டைப் போட்டால் டிக் டிக் என்று சத்தம், பிறகு திரையிலிருந்தே டிரைவ் காணாமல் போய்விடும். மாற்றித் தரக் கேட்கலாம் என்று கிளம்பும் முன்தான், கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டியிருப்பதைக் கவனித்தேன். அந்த வகைப் போர்ட்டுக்கு விதிப்படி 500 மில்லி ஆம்பியர்தான். மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் அது போதவில்லை. யுஎஸ்பி 3-ல் 900 கிடைக்கும். மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றியதும் சத்தம் நின்றது. இரண்டு போர்ட்டிலிருந்து மின்சாரம் இழுக்கும் இரட்டைத் தலை கேபிளோடு வருவதை வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு.

இதில் தட்டை நடுக் குமிழில் கையால் அழுத்திப் பொருத்த வேண்டும். டிரேயை அடியில் ஒரு கையால் தாங்கிக்கொள்ளாவிட்டால் ஒடிந்துவிடுமோ என்று எனக்கு இன்னமும் பயம்.

ப்ளூ-ரே டிரைவ் வாங்கலாமா என்றும் யோசித்தேன். ஒரு தட்டில் 25 ஜிபி பிடிக்கும் என்றாலும் தட்டின் விலையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

உண்மையான பரீட்சை அக்காவின் கல்யாண டிவிடிகள். 2008-ல் ஸ்டுடியோக்காரர் கொடுத்தது, மூன்று தட்டு. அழகுக்காகப் படம் அச்சிட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டியிருந்தார். அந்தக் காகிதம் ஒரு பக்கம் சுருங்கினால் தட்டு சுழலும்போது ஆடும். முகூர்த்தம் இருக்கும் இரண்டாவது தட்டை ஸ்லிம் டிரைவ் பாதியிலேயே துப்பிவிட்டது. பரணில் கிடந்த பழைய டிரைவை எடுத்தேன். லேப்டாப் ஹார்டு டிஸ்குக்கான மலிவு யுஎஸ்பி கன்வெர்ட்டரில் 5 வோல்ட்தான் வரும். இந்தப் பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதனால் கேபினெட்டின் பக்கவாட்டைக் கழற்றி, சாட்டா கேபிளை நேரே மதர்போர்டில் செருகி, மின்சாரத்தை உள்ளே இருக்கும் பவர் சப்ளையிலிருந்து கொடுத்து, டிரைவை மேஜைமேல் படுக்கவைத்தேன். முக்கால் மணி நேரம் உறுமியது. ஆனால் ஒரு ஃபைல் விடாமல் படித்துக் கொடுத்தது.

மூன்றாவது தட்டுக்கு ஓரம் மங்கிவிட்டது. எழுத்து உள்ளிருந்து வெளியே போவதால், அடிபட்டது கடைசி விஓபி ஃபைல், அதாவது டிவிடியில் வீடியோ இருக்கும் ஃபைல். இரண்டு டிரைவும் அதில் கைவிரித்துவிட்டன. போனது பந்திக் காட்சியாம். அத்தானுக்கு ஒன்றுமில்லை, பெரியப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.