தண்ணீர்க் குவளையும் பெரிய பற்களும்: ஏழு ஜுராசிக் படங்கள், ஓர் ஒப்பீடு

காரின் முன்பலகையில் இரண்டு குவளைத் தண்ணீர். எங்கோ தரை அதிர்கிறது. நீரின் மேல் வட்டம் வட்டமாக வளையங்கள் எழுந்து அடங்குகின்றன. 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தை ஒரே ஒரு முறை பார்த்தவர்கூட இதை மறந்திருக்க மாட்டார். அந்த வளையத்தை வரவழைக்க ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் குழு பட்ட பாடு கொஞ்சமல்ல. சிறப்பு விளைவுகளைக் கவனித்த மைக்கேல் லான்டியெரி பல வழிகளில் முயன்று தோற்று, கடைசியில் ஒரு கிதாரின் மேல் குவளையை வைத்துத் தந்தியைச் சுண்டியபோதுதான் வட்டம் சரியாக விழக் கண்டார். பிறகு காருக்குள்ளிருந்து தரைவரை ஒரு கிதார் தந்தியை இழுத்துக் கட்டி, வண்டிக்கு அடியில் ஒருவரைப் படுக்கவைத்துச் சுண்டவைத்தார்கள்.

அதே படப்பிடிப்புக்கு ஸ்டான் வின்ஸ்டன் குழு சுமார் 12 மீட்டர் நீளத்தில், ஹைட்ராலிக் விசையில் இயங்கும் முழு அளவு டி. ரெக்ஸ் (டைரனோசரஸ் ரெக்ஸ் என்னும் ஊனுண்ணி டைனோசர்) பொம்மை ஒன்றைச் செய்து வைத்திருந்தது. அது கையில் இருக்கும்போதே ஒரு குவளை நீருக்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள். ஏன் என்பதை, கோடை விடுமுறையில் அக்கா மகனோடு உட்கார்ந்து ஏழு படங்களையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அவனுக்கு ஒன்பது வயது. நல்ல காட்சிகளில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டான்: "மாமா, அது பார்த்துவிட்டதா?" சில படங்களில் அந்தக் கேள்வி பத்து முறை வந்தது. சிலவற்றில் வரவே இல்லை. இந்தப் படங்களை எடைபோட அதைவிடத் துல்லியமான தராசு எனக்குக் கிடைக்கவில்லை.

அபாயம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தப்பிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்பவரும் சேர்ந்து கணக்குப் போட முடிந்தால்தான் அந்தக் கேள்வி எழும். குவளையில் எழும் வளையம் அப்படி ஒரு அளவுகோல். தொடர்ந்து வருவனவும் அளவுகோல்களே. வேலிக்கருகே கட்டியிருந்த ஆட்டைக் காணவில்லை. அதன் கால் காரின் கண்ணாடிக் கூரைமேல் வந்து விழுகிறது. மின்சாரம் இல்லாத வேலிக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. டி. ரெக்ஸ் முழு உருவத்துடன் வெளியே வரும்போது படம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஜான் வில்லியம்ஸ் போன்ற இசையமைப்பாளர் இருந்தும் அந்தத் தாக்குதல் முழுக்கப் பின்னணி இசை கிடையாது. மழையும் மூச்சும் உறுமலும் மட்டும்தான். யானைக்கன்று, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து கேரி ரைட்ஸ்ட்ராம் உருவாக்கிய உறுமல் அது. அசையாமல் நின்றால் அதன் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு விதியும் நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. உண்மையான டைரனோசருக்கு அது பொருந்தாது; அதன் பார்வை கூர்மையானது என்றே இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் கதைக்குள் அந்த விதி இருப்பதால்தான், சிறுமி டார்ச் விளக்கைப் போட்டதும் நமக்கு வயிறு கலங்குகிறது. அவள் செய்த தவறு நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை.

127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம்தான். மீதி நேரம் முழுவதும் அவற்றைப் பற்றிய கணக்கு.

இதற்கு நேர் எதிரே 2015-இன் 'ஜுராசிக் வேர்ல்டு' படத்தை வைத்துப் பார்க்கலாம். அதன் முதல் பாதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூங்கா திறந்திருக்கிறது, கூட்டம் அலைமோதுகிறது, அதன் உரிமையாளராக இர்ஃபான் கான் அத்தனை இயல்பாக வருகிறார். ஆய்வகத்தில் மரபணுக்களைக் கலந்து உருவாக்கிய இண்டோமினஸ் ரெக்ஸ் அடைக்கப்பட்ட கூண்டில் விலங்கைக் காணோம், சுவரில் நகக்கீறல்கள், உள்ளே ஆட்கள் இறங்கிய பிறகுதான் அது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று தெரிகிறது. கிறிஸ் பிராட் ஒரு வண்டிக்கு அடியில் புகுந்து, எரிபொருள் குழாயை அறுத்துத் தன்மேல் ஊற்றிக்கொண்டு மணத்தை மறைக்கிறார். பையன் என் கையைப் பிடித்தான். கேள்வி வந்தது.

அதற்குப் பிறகு வரவில்லை. ஏனென்றால் இண்டோமினஸுக்குக் கதை கேட்கும்போதெல்லாம் ஒரு புதுத் திறமை முளைக்கிறது. உடல் வெப்பத்தை மறைக்கிறது, நிறம் மாறுகிறது, ராப்டர்கள் என்னும் வேட்டை டைனோசர்களோடு பேசி அணி மாற்றுகிறது. எதையும் செய்யக்கூடிய ஒன்றிடமிருந்து எப்படித் தப்புவது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். முடிவில் டி. ரெக்ஸும் ராப்டரும் சேர்ந்து அதை அடிக்க, குளத்திலிருந்து மொசாசர் என்னும் கடல்வாழ் ராட்சத விலங்கு எழுந்து இழுத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அது மல்யுத்தப் போட்டி. மனிதர்கள் ஓரமாக நின்று பார்க்கிறார்கள், நாமும் அப்படியே. இந்தப் படம் உலகெங்கும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பது உண்மை. இருந்தும் அதில் எனக்கு நிலைத்த காட்சி வேறு: இறந்துகொண்டிருக்கும் அபடோசரின் தலையைக் கதாநாயகன் மடியேந்தித் தடவிக்கொடுப்பது. கணினியில் வரைந்த உயிரினங்கள் நிறைந்த அந்தப் படத்தில், கையால் செய்த பொம்மைத் தலையை வைத்து எடுத்த காட்சி அது. தொட்டால் தெரியத்தான் செய்கிறது.

இனி, பலரும் ஒதுக்கிவிடும் இரண்டு பழைய படங்களுக்கு வருகிறேன். 1997-இன் 'தி லாஸ்ட் வேர்ல்டு' முதல் படத்தைவிட இளப்பமானது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஒரு சிறுமி கம்பியில் ஊஞ்சலாடி ராப்டரை உதைத்துத் தள்ளும் இடத்தில் மொத்த நம்பிக்கையும் உடைந்துபோகிறது. ஆனால் செங்குத்துப் பாறை விளிம்பில் அந்த ஆய்வு வண்டி தொங்கும் காட்சியை, முதல் படத்தின் மழைக்காட்சிக்குப் பக்கத்திலேயே வைப்பேன். ஜூலியன் மூர் பின்புறக் கண்ணாடிமேல் குப்புற விழுகிறார். கீழே வெகு ஆழத்தில் கடல். எழ முயன்று உள்ளங்கையை ஊன்றுகிறார். கைக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று விரிசலாக ஓடுகிறது. கையை எடுக்கிறார், எடைமாறி இன்னொரு கோடு. அந்த நேரத்தில் திரையில் டைனோசரே இல்லை. வளையத்தின் வேலையை இங்கே விரிசல் செய்கிறது: இன்னும் எவ்வளவு தாங்கும் என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. மேலே மழையில், வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் எடி என்பவர் ஒரு கணம்கூடத் தன் உயிரைப் பற்றி யோசிக்காமல் பாடுபடுகிறார், இரண்டு டி. ரெக்ஸ்கள் அவரைக் கிழித்துப்போடும்போது நமக்கு வலிக்கிறது. 2015 படத்தில் குழந்தைகளைக் கவனிக்கவந்த உதவியாளர் பெண்ணைப் பறக்கும் விலங்குகள் பந்தாடிக் கடைசியில் மொசாசர் விழுங்கும் இடத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் செய்த குற்றம் கைபேசியில் பேசிக்கொண்டிருந்ததுதான். அந்தச் சாவை அத்தனை நீட்டி எடுத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

2001-இன் மூன்றாம் படத்தை ஜோ ஜான்ஸ்டன் இயக்கினார். வெறும் 92 நிமிடம். பழைய டி. ரெக்ஸைவிடப் பெரியதாக ஒன்றைக் காட்டவேண்டும் என்று ஸ்பைனோசரைக் கொண்டுவந்து, வந்த வேகத்தில் டி. ரெக்ஸின் கழுத்தை முறிக்கவைத்தது பெரும் பிழை. இரண்டு படங்களாகச் சேர்த்துவைத்த மரியாதையை ஒரே சண்டையில் செலவழித்துவிட்டார்கள். ஆனால் அதே படத்தில்தான் செயற்கைக்கோள் தொலைபேசியின் மணி இருக்கிறது. ஸ்பைனோசர் விழுங்கிய ஓர் ஆளிடம் இருந்த தொலைபேசி அது. காட்டில் அந்த மணியோசையைக் கேட்டு மகன் அப்பாவைத் தேடி ஓடிவருகிறான், இருவரும் மகிழ்ச்சியில் கட்டிக்கொள்கிறார்கள், பிறகுதான் தொலைபேசி தன்னிடம் இல்லையே என்று அப்பாவுக்கு உறைக்கிறது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் பின்னால் மலைபோல் அது நிற்கிறது. நாம் அன்றாடம் கேட்கிற ஓர் ஓசையை வைத்து இவ்வளவு செய்யலாம்! மூடுபனியில் பாலத்தின்மேல் பறவை நடையில் டெரனோடான் என்னும் பறக்கும் விலங்கு வரும் இடமும் அப்படித்தான்; முதலில் வெறும் நிழல், பிறகு கம்பி அதிரும் சத்தம்.

2018-இன் 'ஃபாலன் கிங்டம்' இரண்டு படங்களை ஒட்டித் தைத்ததுபோல் இருக்கும். மாளிகைக்குள் நடக்கும் பின்பாதியில் சிறுமியின் படுக்கையை நோக்கி நீளும் நகம் உண்டு; இயக்குநர் பயோனாவுக்குப் பேய்ப்படக் கை இருப்பது தெரிகிறது. ஆனால் எனக்கு அந்தப் படம் முழுவதும் ஒரே காட்சிதான். எரிமலை வெடித்துத் தீவு எரிகிறது, கப்பல் விலகிப் போகிறது, புகைக்குள் தனியாக ஒரு பிராக்கியோசர் கரைக்கு வந்து நின்று கத்துகிறது. முதல் படத்தில் சாம் நீல் தொப்பியைக் கழற்றி வாய்பிளந்து பார்த்தாரே, அதே விலங்கு இது என்று பயோனாவே சொல்லியிருக்கிறார். அன்று இலை பறிக்கப் பின்னங்கால்களில் எழுந்தது. இன்று புகைக்குள்ளும் அப்படியே எழுகிறது. பையன் அழுதான். நானும்தான்.

2022-இன் 'டொமினியன்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது வருத்தமான விஷயம். டைனோசர்கள் உலகெங்கும் பரவிவிட்டன. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் தீவும் வேலியும் போனதும் தூரமும் போய்விட்டது. அதற்குமேல் கதையின் மையத்தில் டைனோசர் இல்லை, வெட்டுக்கிளி. சாம் நீல், லாரா டெர்ன், ஜெஃப் கோல்ட்ப்ளம் மூவரையும் திரும்ப அழைத்துவந்துவிட்டு அவர்களைப் பூச்சிக்குப் பின்னால் ஓடவிட்டார்கள். பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். ஒரே ஒரு இடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தான்: பிரைஸ் டல்லஸ் ஹவர்டு குளத்துக்குள் மெல்ல அமிழ்ந்து மூச்சடக்கி நிற்க, நீண்ட நகங்களுடன் தெரிசினோசர் நீருக்கு மேல் குனியும் காட்சி. எத்தனை நொடி மூச்சைப் பிடிக்கலாம் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவனும் சேர்ந்து பிடித்தான்.

2025-இன் 'ரீபர்த்' கணக்குப் போடவைக்கும் பக்கத்துக்கும் மல்யுத்தப் பக்கத்துக்கும் நடுவில் இழுபடுகிற படம். கரேத் எட்வர்ட்ஸ் இயக்கம். முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் கெப் மறுபடி வந்தார். தொடக்கத்தில் ஒரு மிட்டாய் உறை கதவின் பொறிக்குள் போய்ச் சிக்குவதால் ஆய்வகமே நிலைகுலைகிறது. சிறிய பொருள்தான், ஆனால் அது எந்தத் தூரத்தையும் அளக்கவில்லை, கதையை உருட்டிவிட மட்டும் பயன்படுகிறது. கடைசியில் வரும் ஆறுகால் உருக்குலைந்த பிராணியும் இண்டோமினஸின் வழியிலேயே போகிறது. நடுவில் ஆற்றங்கரை. இரை தின்ற களைப்பில் டி. ரெக்ஸ் உறங்குகிறது, அதன் பக்கத்திலிருந்து ஒரு பெண் ரப்பர் படகை எடுத்துச் செல்லவேண்டும். படகு சீறிக்கொண்டு காற்றடைத்துப் பெருகுகிறது. அதன் மறைவில் விலங்கு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. படகு தாழ்கிறபோது உறங்கிய இடம் காலியாக இருக்கிறது. மைக்கேல் கிரைட்டன் 1990 நாவலிலேயே எழுதிவைத்து, முதல் படத்தில் இடம்பெறாமல் போன ஆற்றுப் பயணம் இது.

"மாமா," என்றான், மணிக்கட்டைப் பிடித்தபடி. "அது இப்போது எங்கே?"